இடையர் கேணியின் சுவை

வைகாசிப் பௌர்ணமி நிலவு வெண்மணலாற்றின் மேல் எழுந்த அந்த அந்திப் பொழுதைக் காட்ட வாசகர்களை அழைத்துச் செல்லுமுன், மேலாடையின் நுனியை மூக்கருகே பிடித்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன். நிலவு என்னவோ அழகாகத்தான் எழுந்தது. கீழ்த்திசையில் ஊகக்குன்றத்துக் கோட்டையின் கொத்தளங்களுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, கரையோரத்து மருதமரங்களின் உச்சிகளைத் தடவி, கோடையில் மெலிந்து முழங்காலளவே ஓடிய ஆற்றின் மீது வெள்ளியை உருக்கி வார்த்தது. ஆனால் அந்த ஆற்றில் அறுபது யானைகளும் எண்ணற்ற குதிரைகளும் இரண்டு மாத காலமாக இறங்கிப் புரண்டு, சாணமும் மூத்திரமுமாய்க் கலக்கிவிட்டிருந்தன. நிலவொளியில் மினுமினுத்ததைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

கோட்டையை முற்றுகையிட்டிருந்த தண்டநாயகர் கலிமூர்க்க அரையரின் பாளையம் ஆற்றின் மேல்பக்கத்தில் விரிந்து கிடந்தது. அதை நோக்கி இருவர் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் சாத்தன் ஏறன். மண்ணுக்கடியில் நீரோடும் வழிகளை அறியும் கூவநூலில் அந்நாட்டில் அவனுக்கு நிகர் ஒருவரும் இல்லை. பின்னால் ஓலைக்கட்டைச் சுமந்து வந்தவள் கொற்றி. குன்றத்தைச் சுற்றிய பன்னிரண்டு ஊர்களுக்கும் அவனுக்கு வழிகாட்டி வந்தவள். கேணி இறைக்கும் இறைவைக்காரர் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொண்டாள்.

நாற்பது நாட்கள் அவ்விருவரும் அளந்தார்கள். மூன்று ஏரிகள், இருபத்தேழு கேணிகள். விடியலில் ஆள் வைத்துக் கேணியை வற்ற இறைத்து, பொழுது சாய்வதற்குள் எத்தனை சாண் ஊறுகிறது என்று பார்த்து எழுதினார்கள். ஒவ்வொரு நீரையும் ஏறன் நாவில் ஏந்திச் சுவை கண்டான். கூவநூலார் மரபு அது. நாவில் ஏற்ற நீரைத் துப்பவும் கூடாது, நீரைப் பற்றிப் பொய்யுரைக்கவும் கூடாது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்கலாகாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். சமாதானம் ஏற்பட்டதும் புதிய கால்வாய் வெட்டி, வறண்ட ஊர்களுக்கு நீரைப் பங்கிடப் போவதாகத் தண்டநாயகர் சொல்லியிருந்தார். ஏறன் நம்பினான். நீரின் தரத்தை நாவால் கண்டவனுக்கு மனிதரின் தரம் மட்டும் பிடிபடவில்லை, பாவம்.

பாளையத்தின் பின்புறத்தை அடைந்தபோது நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. வண்டிச்சாலை போல் நீண்ட கொட்டகை ஒன்றில் செத்த மாடுகளும் நாய்களும் கழுதைகளும் வயிறு உப்பிக் குவிந்து கிடந்தன. தோல் வெடித்த இடங்களில் புழு நெளிந்தது. ஈக்களின் இரைச்சலில் காவற்காரனின் பேச்சே பாதிதான் கேட்டது. அவன் வெற்றிலையை மென்றுகொண்டே சாவதானமாகச் சொன்னான்: “ஓலை வரட்டும்னுதான் காத்திருக்கோம், ஐயா. கேணிக்கு ஒண்ணு. ஊத்துப் பெரிசா இருந்தா ரெண்டு போடச் சொல்லி உத்தரவு.”

ஏறன் இரண்டடி பின்வாங்கினான். பிணங்களைக் கண்டு அல்ல; தன்னைக் கண்டு. பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழவர்களும் குடிக்கும் இருபத்தேழு கேணிகளுக்கும் வழியெழுதி, ஆழம் எழுதி, ஊற்றின் வலிமை எழுதிக் கொண்டுவந்திருப்பவன் அவனல்லவா? ஓலையை எரித்துவிடலாம்; எரித்தால் கண்ணில் பட்ட கேணியிலெல்லாம் போடுவார்கள். பொய்க்கணக்குக் கொடுக்கலாம்; ஆனால் மரபு நாவைப் பிடித்தது. கொற்றி அவனைப் பார்த்த பார்வையில் அந்தக் கொட்டகையை விட அதிகமான அருவருப்பு இருந்தது.

“எனக்குத் தெரியாது, கொற்றி” என்றான் ஏறன்.

“இப்போது தெரிந்துவிட்டதே. உள்ளே போய் என்ன சொல்லப் போகிறீர்?”

அதற்குள் தண்டநாயகரின் ஆட்கள் வந்து இருவரையும் கூடாரத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

பட்டுத் திரைகளும் அகிற்புகையுமாய் விளங்கிய அந்தக் கூடாரத்தில் கலிமூர்க்க அரையர் புலித்தோலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற படைத்துணைவன் குவாவன், எஜமானர் தும்மினால் தானும் தும்முகிற ஜாதி. அரையர் முகமலர்ச்சியோடு வரவேற்று, களைத்து வந்த கூவநூலாருக்குத் தாம் அருந்தும் நீரையே கொடுக்கும்படி பணித்தார். பாளையத்துக்குள் இருந்த சுனையின் நீர் இரண்டு நாளாகச் சற்றுக் கனத்துவிட்டதாம். அதனால் வெட்டிவேரும் ஏலமும் போட்டு மணக்க வைத்திருக்கிறார்களாம். கோடை மந்தத்தால் வீரர்களுக்கு வயிறு சரியில்லை என்றும் சலித்துக்கொண்டார்.

பொற்கிண்ணத்தை வாங்கி ஏறன் நாவில் நீரை ஏந்தினான். முதலில் வெட்டிவேர் வந்தது. அதன் கீழே ஏலம். அதற்கும் கீழே, நாவின் அடிவேரில், இனிப்பும் இல்லாத உப்பும் இல்லாத ஒரு கொழுப்பு வழவழத்தது. உடம்பு முழுவதும் துப்பு, துப்பு என்று கதறியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

பிறகு, குன்றின் அடிவாரத்தில் பாழடைந்து கிடக்கும் இடையர் கேணியில் யாரேனும் எதையேனும் போட்டதுண்டா என்று நிதானமாகக் கேட்டான்.

குவாவன் பெருமையோடு முன்னால் வந்தான். ஓலை வருவதற்குள் ஒரு வெள்ளோட்டம் பார்க்க விரும்பி, எட்டு நாட்களுக்கு முன்பு, புழுத்த எருமை ஒன்றைத் தானே நின்று அதில் தள்ள வைத்ததாகத் தெரிவித்தான். நல்ல கொழுத்த எருமை என்றும் சேர்த்துக்கொண்டான்.

“தண்டநாயகரே, தாங்கள் இரண்டு நாளாக அருந்திவருவது அந்த எருமையைத்தான்” என்றான் ஏறன்.

அரையர் சிரிக்க முயன்றார். “நாம் ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறோம். கீழே அழுகுவது மேலே எப்படி ஏறி வரும்? எந்த ஊரில் நீர் பின்னோக்கி ஓடுகிறது?”

“மண்ணுக்கு மேலே ஓடும் ஆறு கிழக்கே போகிறது. மண்ணுக்குக் கீழே, குன்றிலிருந்து கரும்பாறை ஒன்று சுவர்போல் குறுக்கே படுத்திருக்கிறது. கேணிகளின் நீரெல்லாம் அதில் முட்டித் திரும்பி மேற்கே வருகிறது. வந்து சேருமிடம் தங்கள் சுனை. பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு இடையர் கேணியில் ஒரு குடம் சாயவேர்ச் சாறு ஊற்றினேன். ஆறாம் நாள் இந்தச் சுனை சிவந்தது. தங்கள் சமையற்காரரையே கேட்டுப் பாருங்கள்.”

சமையற்காரன் அழைக்கப்பட்டான். செம்மண் கலங்கியிருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு வடிகட்டி ஊற்றியதாக அவன் ஒப்புக்கொண்டான். இருபத்தேழு கேணிகளிலும் பிணம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? எஜமானருக்கு முன்னால் குவாவனே வாயைப் பொத்திக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினான். கலிமூர்க்க அரையர் புலித்தோலின் மேலேயே கவிழ்ந்தார். அவர் வயிற்றிலிருந்து வந்ததை வருணிக்காமல் விடுவதே வாசகர்களுக்கு நான் செய்யும் பேருபகாரம்.

மூச்சு திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: வேறு நல்ல நீர் எங்கே இருக்கிறது? மேற்கே இரண்டு நாள் பயணத்துக்குள் எங்கும் இல்லை என்று ஏறன் சொன்னான். அது உண்மை, அவன் நாக்கு அறிந்த உண்மை. செய்தி கூடாரம் கூடாரமாகப் பரவியபோது பாளையமே ஓங்கரித்தது. கூடார முளைகளைப் பிடுங்கும் ஓசை நாலாபுறமும் எழுந்தது. பகைவனின் வேலுக்கு அஞ்சாத பெரும்படை எருமைக்கு அஞ்சி மூட்டை கட்டிய அவலத்தை எந்த மெய்க்கீர்த்தியிலும் பொறிக்க மாட்டார்கள். அந்த அமளியில், ஓலைக்கட்டோடு இருவர் வெளியேறியதையும், போகிற போக்கில் யானை கட்டும் வடம் ஒன்றைத் தூக்கிச் சென்றதையும் யாரும் கவனிக்கவில்லை.

இடையர் கேணியை அவர்கள் அடைந்தபோது நிலவு பனைமரங்களுக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கவே முடியவில்லை. நாற்றம் கண்ணைக் கரித்தது.

“இதில் பாதி என் கைவேலை” என்றான் ஏறன். “நான் இங்கே வந்து அளக்காவிட்டால் அவர்கள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். கேள், கொற்றி. இந்த எருமையை எடுத்து, அடிச்சேறு வரை இறைத்து, புது ஊற்று தெளிந்து வரும்வரை வேறெந்த நீரும் என் நாவில் படாது. கூவநூல் மேல் ஆணை.”

அவள் பேசியபோது அந்தக் குரலில் இறைவைக்காரர் வீட்டுப் பெண்ணின் பணிவு இல்லை.

“நானும் ஒன்று சொல்ல வேண்டும். என் பெயர் கொற்றிதான், அதில் பொய்யில்லை. என் தந்தையின் பெயரை நீர் கேட்கவில்லை. ஊகக்குன்றத்தை ஆளும் வேள் அவர். நோயில் அவர் விழுந்த நாள் முதல் இந்தக் கோட்டையைக் காப்பவள் நான். எங்கள் நீரை அளக்க ஒருவன் வந்திருக்கிறான் என்று கேட்டு, அளந்து முடிந்த அன்று அவனைக் கேணியில் தள்ளிவிடுவதற்காகவே கோட்டையை விட்டு மறைவாக இறங்கிக் கூட வந்தேன்.”

ஏறன் திகைத்தான். “பிறகு ஏன் தள்ளவில்லை?”

“அளந்து முடிந்த நாள் இன்றுதான்” என்றாள் வேளின் மகள். அவள் கண்கள் கலங்கியிருந்தது நாற்றத்தாலா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

அவன் வடத்தின் ஒரு முனையை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். மறுமுனையை அவள் கையில் கொடுத்தான். புழு நெளியும் அந்த இருட்டுக்குள் கால் வைத்து, மேலே ஒருமுறையும் பார்க்காமல் இறங்கினான். மேலே கொற்றி வடத்தைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றிக்கொண்டாள்.