விழுவாய்ப்பு எழுபத்தொன்று

அஞ்சுகத்தைப் பார்த்ததும் மருந்துக்கடைக் கதவு பூட்டிக்கொண்டது. நிலைக்கு மேலிருந்த விழுகணி சிவப்பாக மின்னி, "விழுவாய்ப்பு எழுபத்தொன்று. அனுமதி நாற்பது வரை" என்றது. காலையிலிருந்து இது நாலாவது கடை. அவளுக்கு இன்சுலின் தீர்ந்து இரண்டு நாளாகிறது. நேரில் வந்து கைரேகை வைப்பவருக்குத்தான் அதைத் தருவார்கள்.

விழுகணி ஒன்றும் பொல்லாத இயந்திரம் இல்லை. நடை, மூட்டு, மூச்சு எல்லாவற்றையும் ஒரு நொடியில் அளந்து, இந்த ஆள் கடைக்குள் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும், அவ்வளவுதான். கடைக்குள் யார் விழுந்தாலும் கடைக்காரரே பொறுப்பு என்று சட்டம் வந்த பிறகு, தரையைத் துடைத்துக் காயவைப்பதைவிட, விழக்கூடியவர்களை வெளியே நிறுத்துவது சுலபமாகப் போய்விட்டது. அந்தச் சட்டம் வரக் காரணமே அஞ்சுகம்தான். பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு துணிக்கடையின் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பு முறிந்தவள், கோர்ட்டு கோர்ட்டாக அலைந்து ஜெயித்தாள். அன்று வந்த நொண்டலைத்தான் விழுகணி இன்று அளந்தது.

மேலாளர் தண்டபாணி வெளியே வந்து கும்பிட்டார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"உங்க கேஸை வச்சுத்தாம்மா எங்களுக்குப் பயிற்சியே குடுத்தாங்க," என்றார்.

மருந்தையாவது வாசலில் கொண்டுவந்து கொடுங்கள் என்று கெஞ்சினாள். சரக்கைக் கொடுக்கிற இடமும் கடைதான் என்று சட்டம் சொல்கிறதாம். அதையும் வாதாடி வாங்கியவள் அவள்தான்.

"அப்ப நான் எங்கதான் போறது?"

தண்டபாணி தெருவைப் பார்த்தார். சிவப்பு விளக்கைக் கண்டு நாலு பேர் உள்ளே வராமல் போய்விட்டார்கள். அமாவாசையும் அதுவுமாக யார் கண் பட்டதோ என்று அவருக்கு எரிச்சல். காவலாளிக்குக் கண்காட்டினார். அவன் கடைக்குப் பூசணிக்காய் சுற்றி, தெருவில் போட்டு உடைத்தான். கடையின் எல்லைக்கோட்டுக்கு வெளியே, கோடு பார்த்துத்தான் உடைத்தான்.

அடுத்த கடைக்குப் போகத் திரும்பிய அஞ்சுகம், பூசணிச் சதையில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். அதே இடுப்பு. வலியில் அவளால் கத்தக்கூட முடியவில்லை. பதறி ஓடிவந்த தண்டபாணி கோட்டருகே நின்றுவிட்டார். தொட்டுத் தூக்கினால் பொறுப்பு கடை தலையில் வந்து விழும்.

விழுகணி அவளை மறுபடி அளந்தது. தரையில் கிடப்பவள் இனி எங்கே விழப்போகிறாள்? பச்சை விளக்கு எரிந்தது.

"விழுவாய்ப்பு பூஜ்யம். உள்ளே வாருங்கள்," என்றது. கதவு திறந்தது.