மிசுஸு அணைத்து வைத்த தொலைக்காட்சி

திங்கட்கிழமை காலை என்றாலே மிசுஸுவுக்குப் பிடிக்காது. ஞாயிறு இரவு ஓடிய தம்பியின் நாடகத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அன்றுதான் வெளியே வரும். பதினொரு சதவீதத்தில் தொடங்கியது நான்கில் வந்து நின்றுவிட்டது. பாதிக் கதையை விழுங்கிவிட்டு, நேற்றே கடைசி என்று முடித்தும்விட்டார்கள்.

அந்த நாடகத்தை எழுதிய கென்சாகு, தோக்கியோவிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தான். மிசோ சூப் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில், அடுத்த தெருவில் குடியிருக்கும் தங்கை யொரிகோ, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பெற்றவர்கள் போன பிறகு மீன் பதனிடும் ஆலையில் கை மரத்துப்போக நின்று இந்த இருவரையும் ஆளாக்கியவள் மிசுஸு. இவர்கள் தலையெடுக்கட்டும் என்று தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டவள். நாடகத்தில் வரும் அக்காவும் அப்படித்தான்.

“உன்னை வச்சுத்தானேக்கா எழுதினேன்… ஊரு பார்க்கலைன்னா போகட்டும். நீகூடவா பார்க்கலை?” என்றான் கென்சாகு.

“நான்தான் சொன்னேன்,” என்றாள் யொரிகோ. “ஞாயித்துக்கிழமை எப்ப எட்டிப் பார்த்தாலும் டிவி அணைஞ்சு கெடக்கும். இவ துண்டைத் தூக்கிக்கிட்டு பொதுக் குளியல் கூடத்துக்குக் கெளம்பிடுவா. வீட்ல தண்ணி வராத மாதிரி.”

மிசுஸு முள்ளங்கி ஊறுகாயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். காரணத்தைச் சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தாளே, என்ன செய்வாள்!

வாசல் மணி அடித்தது. சீருடை அணிந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தொலைக்காட்சிக்குப் பின்னால் துணி போர்த்தியிருந்த சின்னப் பெட்டியைக் கழற்றினார்.

“மன்னிக்கணும்மா. தம்பி நாடகம் எழுதுறார்னு நீங்க போன் பண்ணப்பவே எடுத்திருக்கணும். இதை வைக்க மாத்து வீடு கெடைக்கலை,” என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

கென்சாகுவுக்கு முகம் வெளுத்தது. எந்த வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பெட்டி அது. பொறுக்கியெடுத்த சில வீடுகளில்தான் இருக்கும். இருப்பதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. தன் தலையெழுத்தை எழுதிய பெட்டிகளில் ஒன்று அக்கா வீட்டிலேயே இருந்திருக்கிறது.

“என் வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப வச்சது,” என்றாள் மிசுஸு. “நான் போட்டுப் பார்த்தது நாளைக்கு வெளிய தெரிஞ்சா, அக்கா வீட்டுப் பெட்டியை வச்சுக் கணக்கை ஏத்திக்கிட்டான்னு உன்னைத்தானேடா ஏசுவாங்க? அதான் குளியல் கூடத்து டிவில பார்த்தேன். ஒரு வாரம்கூட விடலை.”

“போடணும்னு தோணவே இல்லையாக்கா?”

“நாலுக்கு எறங்கினப்ப… ரொம்பத் தோணுச்சுடா.”

யொரிகோ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். கென்சாகு சின்னப் பிள்ளையில் செய்ததுபோல் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இனி யாரும் தன்னிடம் எழுதக் கேட்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவன் தலையைத் தடவிக்கொண்டே, “பெட்டிதான் போயிடுச்சே. இனிமே ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லயே தாராளமா போட்டுப் பார்க்கலாம்,” என்றாள்.

சொன்ன பிறகுதான், நாடகம் நேற்றோடு முடிந்துவிட்டது என்பது நினைவு வந்தது. மிசுஸு எழுந்துபோய் சூப்பைச் சூடாக்கினாள்.