கழுவாத கை

காலை 7:10.

கப்பலின் ஏழாம் தளத்தில், நீச்சல் குளத்தை ஒட்டிய நடைபாதையில், பூகோள டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மாணவரும் இல்லை. வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் இருந்தன. "கடைசி பெஞ்சு! அங்க என்ன பேச்சு?" என்று ஒரு நாற்காலியை அதட்டினார். காலில் செருப்பு இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தரை துடைக்க வந்த பணியாளர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மருத்துவ அறைக்கு ஓடினார்.

டீச்சருக்கு வயது அறுபத்தொன்று. அன்று மாலை ஐந்து மணிக்குக் கேப்டன் முன்னிலையில் அவருக்குக் கல்யாணம்.

காலை 7:40. மருத்துவ அறை.

"இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க டீச்சர்," என்றார் டாக்டர்.

"முதல்ல நீ கையைக் கட்டி நில்லு," என்றார் டீச்சர்.

அவருடைய காதுக்குப் பின்னால், நாணயம் அளவுக்கு ஒரு வட்ட ஒட்டு இருந்தது. கடல் பயணத்தில் வரும் வாந்தி மயக்கத்துக்கான பேட்ச். டாக்டர் அதை உரித்தெடுத்தார். "வயசானவங்கள்ல சிலருக்கு இது மூளையைக் குழப்பும். யார் ஒட்டினது?"

"நான்தான்," என்றார் வாசலில் நின்றவர். கடிகாரம் பழுது பார்ப்பவர். மனைவியை இழந்தவர். மாலை ஐந்து மணியின் மாப்பிள்ளை.

டீச்சரின் மகள் பொரிந்து தள்ளினாள். "பாத்தீங்களா! இவர்தான் வாங்கினாரு, இவர்தான் ஒட்டினாரு! அம்மா சுயபுத்தியோட இருந்தா எங்கே மனசு மாறிடுவாங்களோன்னு பயம். புத்தியைக் கலக்கிக் கையெழுத்து வாங்கப் பாக்கிறாரு!"

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி எதையும் இரண்டு முறை யோசிக்கிற ரகம் இல்லை. "ஒரு மணிக்குத் துறைமுகம் வருது. இவரை அங்க இறக்கிடுவேன். மிச்சத்தைப் போலீஸ் பாத்துக்கட்டும்," என்றார்.

கடிகாரக்காரர் வாதாடவில்லை. "அவங்க கிட்ட யாராவது உக்காந்திருங்க. தண்ணி கேப்பாங்க," என்று மட்டும் சொன்னார்.

"ஒரு பேட்சுக்கு இவ்வளவு ஆட்டமா?" என்றது அடுத்த கட்டிலின் அருகிலிருந்து ஒரு குரல்.

அதிகாரி திரும்பினார். "நீங்க யாரு மேடம்?"

"இங்க வாந்தி எடுத்துக்கிட்டிருக்காரே, அவரோட பொண்டாட்டி."

அது முழு உண்மை இல்லை. முப்பத்திரண்டு வருடம் சொந்தமாக மருந்துக்கடை நடத்தியவர். ஊரில் அவருக்கு 'டோஸ் அக்கா' என்று பெயர். அந்தப் பெயர் மருந்தால் மட்டும் வந்ததில்லை. தானாக மருந்து வாங்கித் தின்கிறவர்களுக்கு அவர் விடுகிற டோஸாலும் வந்தது. கடையில் இரண்டு திருட்டையும் ஒரு போலிச் சீட்டையும் அவரே கண்டுபிடித்திருக்கிறார். போலீஸ் வந்து காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி.

"டாக்டர், அந்தப் பேட்ச் நேத்துக் காலைல பதினொரு மணிக்கு ஒட்டினது. ராத்திரி எட்டு மணிக்கு இவங்க என் பக்கத்து டேபிள்ல உக்காந்து கடல் நீரோட்டம் பத்தி வெளுத்து வாங்கினாங்க. தெளிவுன்னா அப்படி ஒரு தெளிவு. இது வேற எதுவோ," என்றார் டோஸ் அக்கா.

முந்தின நாள் காலை பத்தரை மணியை அவர் நினைத்துப் பார்த்தார். இதே அறையின் வாசலில் நீண்ட வரிசை. நர்ஸின் மேஜையில் நான்கு விதக் கடல் மயக்க வைத்தியம்: மாத்திரை, பேட்ச், மணிக்கட்டுப் பட்டை, இஞ்சி மிட்டாய்.

டோஸ் அக்காவின் கணவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாத்திரையைத் தள்ளிவிட்டு மணிக்கட்டுப் பட்டையை எடுத்தார். "மாத்திரை போட்டா தூக்கம் வரும். சிக்னல் தெரியாது."

"கடல்ல எங்கங்க சிக்னல்?" என்று மனைவி கேட்டும் பட்டையைத்தான் கட்டிக்கொண்டார். இப்போது வாளியோடு கிடக்கிறார்.

டீச்சரும் மாத்திரையை வேண்டாம் என்றார். "கல்யாணத்துல நான் தூங்கி வழிஞ்சா நல்லாவா இருக்கும்? பேட்ச் குடும்மா." கடிகாரக்காரர் பேட்சோடு வந்த தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு ஒட்டினார். நர்ஸ் உடனே கை கழுவும் தொட்டியைக் காட்டினாள். பேட்சைத் தொட்டவர் யாராக இருந்தாலும் அவள் கண் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாசல் தாண்ட முடியாது. வரிசையில் பலருக்கு எரிச்சல். கடிகாரக்காரர் மட்டும் இரண்டு முறை கழுவினார்.

டீச்சரின் தம்பிக்காரர் எதுவும் வாங்கவில்லை. "கடல் எனக்குத் தண்ணிபட்ட பாடு. இந்த மருந்தெல்லாம் நான் கையாலயும் தொட்டதில்ல," என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, ஒரு இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். பேசும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வலது கண்ணைத் தேய்ப்பது அவர் பழக்கம். டீச்சரின் மருமகன், மகளின் கணவர், வரிசையிலேயே நிற்கவில்லை. கப்பலின் மதுக்கூடம் பத்து மணிக்கே திறந்துவிட்டிருந்தது.

காலை 8:30. சாப்பாட்டுக்கூடம்.

ஊசியின் புண்ணியத்தில் ரயில் ஓட்டுநர் எழுந்து நடந்து வந்து ஒரு ரொட்டித் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எதிர் மேஜையில் டீச்சரின் குடும்பம். மகள் எதையும் தொடவில்லை. மருமகன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தம்பிக்காரர் பணியாளரிடம், "என்ன இருக்குன்னு நீயே சொல்லுப்பா. அந்தத் திரையையும் கொஞ்சம் இழுத்து விடு," என்றார்.

"ஏம்மா," என்று ரயில் ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறான்."

"உங்களையா? இந்த மூஞ்சியையா?"

"சத்தியமா. ரெண்டு தடவை."

டோஸ் அக்கா சிரித்துவிட்டார். சொந்த அக்கா மருத்துவ அறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது கண்ணடிக்கிற தம்பி எப்படிப்பட்ட தம்பி என்ற கேள்வி சிரித்து முடித்த பிறகுதான் வந்தது.

காலை 9:45. மருத்துவ அறை.

டீச்சருக்குத் துளியும் தெளியவில்லை. காய்ச்சல் ஏறியிருந்தது.

"உடம்பு முழுக்கப் பாத்தியா?" என்று டோஸ் அக்கா நர்ஸிடம் கேட்டார்.

"பாத்தேன் அக்கா. முதுகுல ஒரு வலி பிளாஸ்திரி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"அதை உரி."

கழுத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நர்ஸ் மெதுவாக உரித்தாள். அதன் பசைப் பக்கத்தில், பிளாஸ்திரியின் நிறத்திலேயே, மூன்று சிறிய வட்டங்கள். மருந்துப் பக்கம் தோலைப் பார்த்தபடி மூன்று பேட்சுகள். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் ஊசிமருந்தை எடுக்க ஓடினார்.

அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடிகாரக்காரரை வரவழைத்தார்.

"இந்தப் பிளாஸ்திரியை ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு. பெட்டி தூக்கினதுல முதுகு வலிக்குதுன்னாங்க."

"முடிஞ்சுது கேஸ்," என்றார் அதிகாரி.

மகள் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். டோஸ் அக்கா அந்தப் பிளாஸ்திரியைக் குனிந்து பார்த்தார். நல்லது செய்யப்போய், தானே இந்த மனுஷனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டோமோ? ஆனால் குற்றம் செய்தவன் இப்படி 'நான்தான், நான்தான்' என்று வரிசையாக ஒப்புக்கொள்வானா?

"பிளாஸ்திரி எங்கிருந்து வந்தது?" என்று அவர் கேட்டார்.

"அவங்க கைப்பைலேருந்து. எப்பவும் ஒரு பாக்கெட் வெச்சிருப்பாங்க. எடுத்துக் குடுத்தாங்க."

"ஒட்டும்போது வித்தியாசமா எதுவும் தெரியலையா?"

கடிகாரக்காரர் யோசித்தார். "பின்தாள் மூலை சரியா பொருந்தல. யாரோ ஒரு தடவை உரிச்சுத் திரும்ப ஒட்டின மாதிரி இருந்துச்சு. நடுவுல மூணு வட்டம். மருந்து வெச்ச இடம்னு நெனச்சேன். நான்... இன்னும் நல்லா பாத்திருக்கணும்." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "ஊசிமுனை அளவு பல்சக்கரத்துல தூசி இருந்தா கண்டுபிடிக்கிறவன் நான். இதைக் கோட்டை விட்டுட்டேன்."

"ஒட்டினதும் என்ன பண்ணீங்க?"

"கை கழுவினேன். அவங்களைத் தொடறதுக்கு முன்னாலயும் கழுவுவேன், பின்னாலயும் கழுவுவேன். கடை எண்ணெய் கைலேருந்து போகவே போகாதுன்னு அவங்க கேலி பண்ணுவாங்க."

டோஸ் அக்கா அவர் கண்களை நேராகப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "ஒரு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல? அந்தக் குடும்பத்துகிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசறேன்."

காலை 10:30 முதல் 11:15 வரை.

மகளிடம்: "அம்மா கைப்பை நேத்து எங்க இருந்தது?"

"மதியம் சாப்பிடும்போது நாற்காலில தொங்குச்சு. எல்லாரும் சுத்தித்தான் உக்காந்திருந்தோம்."

"கல்யாணம் உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கல. அம்மா மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்ல." மூக்கைச் சிந்தினாள். "மாமாதான் பாவம். இருபது வருஷமா எங்க வீட்டு மாடில இருக்காரு. அம்மா அவரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இவரோட கடிகாரப் பட்டறையை அங்க கொண்டு வரணுமாம். அப்பவும் மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல."

மருமகனிடம்: "கண்ணாடியைக் கழட்டுங்க."

இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்றிருந்தன. "நேத்து கொஞ்சம் ஓவராயிடுச்சு. மாமியாருக்குத் தெரிய வேணாம் மேடம்."

"அவங்களுக்கு இப்ப உங்களையே தெரியாது. போங்க."

தம்பிக்காரரிடம்: "உங்களுக்கு வருத்தம் இல்லையா சார்?"

"அக்கா சந்தோஷமா இருந்தா எனக்குப் போதும்." கண்ணாடியைத் தூக்கி வலது கண்ணைத் தேய்த்தார். ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

டோஸ் அக்கா ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். "என் வீட்டுக்காரருக்கு வாங்கினது. என்ன தேதி போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் அட்டையைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஒரு கண்ணை மூடினார். "எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே."

"ஆமாமா, ரொம்பப் பொடி," என்றார் டோஸ் அக்கா. தேதி தன் நகம் அளவுக்கு அச்சாகியிருந்தது என்று பிறகு கணவரிடம் சொன்னார்.

பகல் 12:10. மருத்துவ அறையின் முன்கூடம்.

எல்லோரும் இருந்தார்கள். ஜன்னல் வழியே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. கடிகாரக்காரரின் பெட்டி கட்டித் தயாராக வாசலில் நின்றது.

"நர்ஸம்மா, நேத்து பேட்ச் குடுக்கும்போது ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன சொன்னே? அப்படியே சொல்லு."

நர்ஸ் மனப்பாடமாக ஒப்பித்தாள். "சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. கழுவாம கண்ணைத் தொடாதீங்க."

"ஏன்?"

"கைல இருக்கிற மருந்து கண்ணுல பட்டா, அந்தக் கண்ணோட கருமணி அகலமா விரிஞ்சிடும். ரெண்டு மூணு நாளைக்குச் சுருங்காது. வெளிச்சம் கூசும். கிட்டத்துல எழுத்து தெரியாது."

தம்பிக்காரரின் கை வழக்கம்போல மூக்குக் கண்ணாடியை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்றது. அதை அந்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்தப் பிளாஸ்திரியை ஒட்டினது ஒருத்தர், தயார் பண்ணினது இன்னொருத்தர்," என்றார் டோஸ் அக்கா. "மூணு பேட்சோட தாளையும் உரிச்சு, மருந்துப் பக்கத்தைப் பிடிச்சு, பிளாஸ்திரில பதிச்சு, பின்தாளை மூடி, மதியச் சாப்பாட்டுல கைப்பைக்குள்ள போட்டிருக்காங்க. அதைச் செஞ்ச விரல் முழுக்க மருந்து. இந்தக் கப்பல்ல பேட்ச் வாங்கின அத்தனை பேரையும் நர்ஸ் விரட்டி விரட்டிக் கழுவ வெச்சிருக்கா. கடிகாரக்காரருக்குச் சொல்லவே வேணாம். அவர் ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கு. நர்ஸ் பேச்சைக் கேக்காத ஆளு யாரு? அவகிட்ட பேட்சே வாங்காத ஆளு. டாக்டர், டார்ச்சை எடுங்க."

மகளின் கண்கள் வெளிச்சம் பட்டதும் சுருங்கின. மருமகனின் சிவந்த கண்களும் சுருங்கின. தம்பிக்காரரின் இடது கண் சுருங்கியது. வலது கண் அசையவில்லை. கறுப்பு வட்டம் விளிம்பு வரை விரிந்து அப்படியே நின்றது.

"கையாலயும் தொட்டதில்லன்னு நேத்து ஊருக்கே கேக்கச் சொன்னீங்களே சார்," என்றார் டோஸ் அக்கா. "காலைல வெளிச்சம் தாங்காம ஒரு கண்ணை மூடி மூடித் திறந்திருக்கீங்க. என் வீட்டுக்காரர் அதைத் தப்பா எடுத்துக்கிட்டாரு."

ரயில் ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "நான் சிக்னலைப் பாத்துச் சொன்னேன். அர்த்தம் தெரியல, அவ்வளவுதான்."

அதிகாரி இந்த முறையும் இரண்டு தடவை யோசிக்கவில்லை. நேராகத் தம்பிக்காரரின் அறைக்குப் போய், சவரப் பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியோடு திரும்பினார். கப்பல் ஏறுவதற்கு முன்பே கடையில் வாங்கியது. மூன்று பேட்ச் காலி. உள்ளே மடித்து வைத்திருந்த எச்சரிக்கைத் தாளை யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"மாமா?" என்றாள் மகள்.

"ரெண்டு நாள் குழம்பிக் கிடந்தா கல்யாணம் நின்னுடும்னு நெனச்சேன். பழி அவர் மேல விழும்னு... அக்காவைச் சாகடிக்கவா நெனச்சேன்? இந்த வயசுல என்னை எங்க போகச் சொல்றா?"

"நாலு பேட்ச்! அறுபத்தொரு வயசு உடம்பு!" டோஸ் அக்கா கத்தியே விட்டார். "தெரியாத மருந்தைத் தெரிஞ்ச மாதிரி எடுத்து விளையாட அது என்ன இஞ்சி மிட்டாயா?"

பகல் 1:00.

கப்பலின் படிக்கட்டு இறங்கியது. அதிகாரியின் பின்னால் தம்பிக்காரர் வெயிலுக்குக் கையால் முகத்தை மறைத்தபடி இறங்கிப் போனார். மகள் வாசலில் நின்ற பெட்டியைத் தானே தூக்கினாள். கடிகாரக்காரரின் அறைவரை கொண்டுபோய் வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க," என்றாள். "கல்யாணம் எனக்கு இன்னும் பிடிக்கலதான். ஆனா நீங்க அம்மா பக்கத்துலயே இருங்க."

மறுநாள் காலை 10:20.

டீச்சருக்குத் தெளிந்திருந்தது. இன்ன கிழமை, இன்ன தேதி, கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பது வரை டாக்டர் கேட்காமலே சொன்னார். தம்பியைப் பற்றி டோஸ் அக்காதான் சொல்ல வேண்டியிருந்தது. டீச்சர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாடிலயே இருடான்னு சொல்லியிருப்பேனே," என்றார். "பட்டறையைக் கீழ போட்டிருப்போம்." பிறகு அழுதார். டோஸ் அக்கா தடுக்கவில்லை.

ரயில் ஓட்டுநர் வெளியே வரிசையில் நின்று, மணிக்கட்டுப் பட்டையை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிக் கடிகாரக்காரர் வந்தார். வாசல் வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய அதே கை. உள்ளே வரலாமா, தொடலாமா என்று தெரியாமல் நின்றார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"கை கழுவினீங்களா?"

அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் என்ன? வாங்க," என்றார் டீச்சர்.