ஒன்பது வாரத்துக் காய்ப்பு

காப்பி பாதி தீர்ந்த பிறகுதான் அவன் அதைக் கவனித்தான். உதடு பொத்துப்போகிற சூடு. கோப்பையைப் பிடித்திருந்த வலது கையை இரண்டு முறை மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது கை விரல் நுனிகள் அத்தனை நேரமும் அதே கோப்பையின் மேல் சாய்ந்திருந்தன. அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிட்டார் வாசிக்கிறவர்களின் விரல் நுனி தந்தியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போகும். சில வாரம் தொடாமல் இருந்தால் காய்ப்பு காய்ந்து, வெங்காயச் சருகு போல உரிந்து, உள்ளிருந்து குழந்தைத் தோல் வந்துவிடும். அவனுக்கும் நாலாவது வாரத்திலேயே உரிந்தது. நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்திருக்கிறான். இது ஒன்பதாவது வாரம். இடையில் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை. இப்போது கட்டைவிரலால் தடவினால் நாலு நுனியும் செருப்பின் அடித்தோல் மாதிரி இருந்தன. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தான். ஆள்காட்டி விரலின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. பழைய கோடு இல்லை. சிவப்பாக இருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அரைப் புள்ளி வித்தியாசத்தைக்கூட விடமாட்டாள். சொன்னால் கேள்வி வரும். 

இருபத்திரண்டு வருடம், ஆறு ஆல்பம். ப்ராக்ரெஸிவ் மெட்டல் என்ற ராக் இசையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் “இரும்பு வியாபாரமா?” என்று கேட்ட காலத்தில், எட்டுத் தந்தி கிட்டாரோடு அவனும் டிரம்ஸோடு தம்பியும் ஆரம்பித்த இசைக்குழு. முதல் ஆல்பத்திலேயே ஒரு பாட்டை ஏழரை எண்ணிக்கையில் கட்டினான். அதை வாசிக்க வந்த பேஸ் கிட்டார்காரர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள், “இவனை ஏழரை பிடிக்கல, இவனேதான் ஏழரை” என்று சொல்லிவிட்டுப் போனார். இசைக்குழுவில் அதுவே பெயராகிவிட்டது. ஏழாவது ஆல்பத்துக்கு இருபது நிமிடப் பாட்டு ஒன்று இரண்டு வருடமாக அவன் தலைக்குள் இருந்தது. தம்பியிடம் நீளத்தை மட்டும் சொல்லியிருந்தான்; எழுதி வைக்கவில்லை, யாரிடமும் பாடிக் காட்டவும் இல்லை. அதன் பதினோராவது நிமிடத்தில் ஓர் இடம் வரும். ஆள்காட்டி விரல் ஓரிடத்தில் நிற்க, சுண்டுவிரல் கிட்டார்க் கழுத்தில் ஏழு கட்டை தள்ளிப்போய் மிகத் தடித்த தந்தியை அழுத்த வேண்டும். நாளுக்கு நாலு மணி நேரம் அதற்காக விரலை இழுத்தான். ஒரு மத்தியானம் உள்ளங்கைக்குள் ஈரக் கயிறு அறுந்தது போல ஒரு சத்தம் கேட்டது.

தசைநாரைத் தைத்த டாக்டர் மூன்று மாதம் கிட்டாரின் பக்கம் போகக்கூடாது என்றார். மறுபடி அறுந்தால் தைக்க ஒன்றும் மிச்சம் இருக்காது, சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்காமல் குச்சி போல நின்றுவிடும் என்றார்.

அந்த ஒன்பதாவது வாரம் கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போனான். அவள் கட்டை அவிழ்த்தாள். நுனிகளைப் பார்த்தாள். 

“சார், என்கிட்ட பொய் சொல்லலாம். உங்க விரல்கிட்ட சொல்ல முடியாது.”

அவன் தொடவில்லை என்றான். அவள் சரி என்று தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டாள். நம்பாதவர்கள் தலையாட்டும் விதம் அது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தூக்கத்தில் எழுந்து வாசிக்கிறோமோ என்ற சந்தேகம் வந்தது. வலி மாத்திரைகள் அப்படிச் செய்யும் என்று எங்கோ படித்திருந்தான். ஆனால் கட்டை அவிழ்க்காமல் வாசிக்க முடியாது. ஒரு கையால் அதை மறுபடி கட்டவும் முடியாது. அப்படியானால் அவிழ்த்துக் கட்டுகிறவர் யார்? தினமும் அந்த விரல்களுக்குக் களிம்பு தடவுவது மனைவி. அது தோலை இறுக்கும் களிம்போ? குழாயின் முதுகில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் படித்தான். சாதாரணக் களிம்புதான். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவளும் அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போன பிறகு நீங்கள் வாசிக்கிறீர்கள், இல்லையா என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவன் இல்லை என்றான். அதன் பிறகு இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்களின் சத்தம் மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். கார் நிறுத்தும் அறையை இரண்டாகத் தடுத்து, நடுவில் கண்ணாடி வைத்து, ஒரு பக்கம் வாசிக்கவும் மறு பக்கம் பதிவு செய்யவும் ஆக்கியது அவன்தான். அண்ணனின் வலது தோளில் தட்டி, குரலைத் தாழ்த்தினான்.

“இருபது நிமிஷப் பாட்டுல பத்து நிமிஷம் முடிஞ்சாச்சு. கேக்கறியா?”

எந்தப் பாட்டு என்று கேட்டான். தம்பி சிரித்தான்.

“நல்லா நடிக்கிற. நீ வாயைத் திறக்காம வந்து வாசிச்சிட்டுப் போற, நானும் வாயைத் திறக்கல. அண்ணிக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது.”

மதியம் அண்ணி போனதும் அண்ணன் வருகிறான், வழக்கம்போல வாசிக்கும் அறையின் விளக்கை அணைத்து, கண்ணாடியின் திரையைப் பாதி இறக்கிவிட்டு உட்காருகிறான், என்பது தம்பியின் கணக்கு. முதல் ஆல்பத்திலிருந்தே அவன் அப்படித்தான். யாராவது முகத்தைப் பார்த்தால் அவனுக்கு வாசிக்க வராது. தம்பி இருபத்திரண்டு வருடமாகப் பார்த்ததெல்லாம் திரைக்குக் கீழே தெரியும் கிட்டாரின் தலைப்பகுதியை மட்டும்தான்.

அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். ஒலிபெருக்கும் ஆம்ப்பில் போடாத வெறும் கிட்டார், தோலுரித்த சத்தம். ஒருவர் எந்தச் சுரத்தை வாசிக்கிறார் என்பதைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகையில் தந்தியை எப்படி உரசுகிறார் என்பதில் ஆள் தெரிந்துவிடும். மோதிர விரலை எடுக்கத் தாமதித்து, கொஞ்சம் இழுத்துக்கொண்டே போகும் கெட்ட பழக்கம் அவனுடையது. இருபத்திரண்டு வருடமாக விடாத பழக்கம். அது இதில் இருந்தது. பழைய பதிவுகளை வெட்டி ஒட்டித் தம்பி ஏமாற்றுகிறான் என்று முதலில் தோன்றியது. ஆல்பத்துக்காக அவன் எதுவும் செய்வான். ஆனால் தலைக்குள் இருந்ததை எதிலிருந்து வெட்டுவது? அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு திருப்பமும், அவன் வெளியே விடாமல் வைத்திருந்த திருப்பம். அதைவிட மோசம், அவன் நினைத்து வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றியபோது விரல் நுனிகள் துடித்துக்கொண்டிருந்தன. பயத்துக்கு அடியில் பொறாமை கிடந்ததை அவனால் மறைக்க முடியவில்லை.

தம்பி தேநீர் போட மாடிக்குப் போன நேரத்தில் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

மறுநாள் மதியம் மனைவி கிளம்பினாள். கேட் சாத்தும் சத்தம், தெருவில் அவள் செருப்புச் சத்தம், பிறகு வீட்டுக்கே உரிய சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன: குளிர்பெட்டியின் முனகல், குழாயின் சொட்டு, வெயிலில் சூடேறும் தகரம் நெளியும் சத்தம். சமையலறை மேஜை மேல் இடது கையை வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்தான். திருடனைக் காவல் காக்கிறவன் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலிருந்து மருந்து வாசனையும், அதற்கு அடியில் ஈர இரும்பு வாசனையும் வந்தது. தந்தியைப் பிடித்த கையில் வரும் வாசனை அது. நேற்று இரண்டு முறை சோப்புப் போட்டிருந்தான்.

பன்னிரண்டே கால். ஒன்றும் இல்லை.

பன்னிரண்டரை. குளிர்பெட்டி நின்றது.

ஆள்காட்டி விரலின் நுனி வெளுத்தது.

தானாக. யாரோ அழுத்துவது போல. நடுவில் ஒரு கோடு விழுந்து தோல் உள்ளே போனது. விட்டது. ரத்தம் திரும்பியது. அடுத்து நடுவிரல். அடுத்து மோதிர விரல், கொஞ்சம் தாமதித்து, இழுத்துக்கொண்டே.

பிறகுதான் சத்தம் வந்தது. காதுக்கு அல்ல, பாதத்துக்கு. தரையின் வழியே எட்டாவது தந்தி.

கழுத்தைத் தடவினான். சாவி இருந்தது.

தாழ்வாரத்தில் நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் விரல்களில் கோடுகள் விழுந்தன, மாறின, வேகமாயின. அவனுக்குப் பாட்டு தெரியும். எங்கே போகிறது என்று தெரியும். ஒன்பதாவது நிமிடம். பத்து. கட்டுக்குள் சுண்டுவிரல் விலகத் தொடங்கியது. ஒட்டுப்பட்டை ஒன்று பிரிந்தது. வலி முழங்கை வரை ஏறியது. கைக்குள் ஏதோ முறுக்கேறியது, தாங்கியது, தாங்கியது.

நின்றது. சுண்டுவிரல் தடித்த தந்தியை அழுத்தும் இடத்துக்கு ஒரு சுரம் முன்னால்.

பதிவு அறையின் கதவைத் தள்ளினான். தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், ஹெட்போனோடு. அண்ணன் கூப்பிட்டான். கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருட்டு. பாதித் திரைக்குக் கீழே கிட்டாரின் தலை. எட்டு முறுக்காணிகள். அது லேசாக ஏறியது, இறங்கியது. மூச்சு வாங்கும் மார்பின் மேல் சாய்த்துவைத்தது போல.

தம்பி மைக்கில் குனிந்தான்.

“அண்ணா, பிரமாதம். கிட்ட வந்து விட்டுட்ட. இதுவே போதுமா? இன்னொரு தடவை வேணும்னா விரலைக் காட்டு.”

வலது கையைத் தம்பியின் தோளை நோக்கி நீட்டினான். தொட்டால் இதெல்லாம் நின்றுவிடும். தொட்டால் பாட்டும் நின்றுவிடும். ஒரு சாண் தூரத்தில் கை தயங்கியது.

அப்போது இடது கை எழுந்தது. அவன் எழுப்பவில்லை. முகத்துக்கு நேரே வந்து நின்றது. பிரிந்த பட்டைகள் தொங்கின. மற்ற விரல்கள் மடங்கின. ஆள்காட்டி விரல் நிமிர்ந்தது.

தம்பி திரும்பவில்லை. கண்ணாடிக்கு அப்பால், திரைக்குக் கீழே நிமிர்ந்த விரலைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

“சரிண்ணா. முதல்ல இருந்து.”