இடது நெற்றிப்பொட்டு

பிப்ரவரி பதினொன்று, காலை. ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஸ்கேன் அறையில், முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தியின் மூளை ரத்தக்குழாய்கள் எவ்வளவு விறைத்திருக்கின்றன என்று அளந்தார்கள்.

பயணிகள் கப்பலில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருந்தது. அடிக்கடி தலைவலி வரும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டதால் இந்தச் சோதனை. தேறினால் புகுந்த வீட்டை விட்டுப் போகலாம். பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்துவிட்ட மாமியாருக்கு அங்கே வருடக்கணக்காக எல்லாம் செய்தவள் அவள்தான். மாமியார் கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டிக் கூப்பிடுவார். இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி ஒன்று. அவர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஸ்கேன் எடுக்கும் பெண்மணி விளக்கைக் குறைத்துவிட்டு, அவள் நெற்றிப்பொட்டில் குளிர்ந்த பசையைத் தடவினார்.

"பயப்படாதீங்கம்மா. மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு இதுல தெரியாது. ரத்தம் ஓடுறது மட்டும்தான் கேக்கும்."

"அப்பச் சரி. எங்க வீட்டுக்காரர் வெளியிலதான் உக்காந்திருக்கார்."

இருவரும் சிரித்தார்கள்.

வலப்பக்கம் ரத்தம் மெத்தென்று போய்வரும் ஓசை ஒலிபெருக்கியில் கேட்டது. "நல்ல இளசு. குழாய் விறைச்சுப்போச்சுன்னா டக்குனு அடிக்கும்" என்றார் பெண்மணி.

கருவி இடப்பக்கம் போனது.

முதலில் நாற்றம் வந்தது. தைலமும் நனைந்த படுக்கையும் கலந்த நாற்றம்.

டக் டக்.

டக்.

"ஆடாதீங்கம்மா."

"நான் ஆடலையே."

டக் டக்.

டக்.

பெண்மணி திரையைப் பார்த்தார். இதயம் சீராகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. அவசரமாகக் கருவியை எடுத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கால்கள் தாமாகவே செருப்பைத் தேடின.

"இதோ வந்துட்டேன் அத்தே."

கதவு திறந்தது. கணவன் கண் கலங்கி நின்றான்.

"அம்மா எவ்வளவு நேரமாக் கூப்பிடுறாங்க" என்றான் மெதுவாக. "உன் காதுல விழலையா?"

சோதனையில் வலப்பக்கக் குழாய்கள் அவள் வயதுக்கு ஏற்றபடி இருந்தன. இடப்பக்கம் எண்பது வயதுக்காரியுடையவை போல இருந்தன. கப்பல் வேலைக்கு வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள்.

கணவன் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய இடது நெற்றிப்பொட்டில் காதை வைத்துக் கேட்கிறான். "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.