றொட்னியின் பெயரில்

பிற்பகல் இரண்டு பத்து. போயா எனும் பௌர்ணமி விடுமுறை. பராமரிப்பு வேலைகளைப் போயா நாளுக்குத் தள்ளிவிடுவது கண்டியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் வழக்கம்.

அனற் நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரியின் எல்லா சேர்வர்களையும் ஒரே திரையில் ஆளும் இயந்திரம் அங்கேதான் இருந்தது. ஏசியின் ஓயாத இரைச்சலுக்கும், சூடேறிய தூசியின் வாசனைக்கும், சுவருக்குள் எங்கோ சொட்டும் தண்ணீரின் சத்தத்துக்கும் அவள் பழகியிருந்தாள். நோயாளர் பதிவேட்டைப் பூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். ஐந்து மணிவரை வார்டுகளில் காகிதத்தில்தான் எழுதுவார்கள்.

சோதனை பிழை காட்டியது. பூட்டியதும் எடுத்த பிரதியைவிடப் பதிவேட்டில் ஒரு வரி அதிகம்.

றீற்றா. வயது அறுபத்தெட்டு. ஊர் கெலிஓயா. கொண்டுவரும்போதே உயிரில்லை. இன்று மாலை 4.10.

அம்மா. அவள் உடனே வீட்டுக்கு அழைத்தாள்.

"சோறு தின்னுட்டு இப்பதான் படுத்தேன். என்னடி?"

"ஒன்னுமில்லம்மா. படுங்க."

அந்தப் பிரதியை மேலே ஏற்றினாள். வரி போயிற்று. பத்து நிமிடத்தில் வந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை மேசையைக் கையால் அடித்தாள். பிறகுதான் எழுதியவர் யாரென்று பார்த்தாள்.

றொட்னி.

பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவன். மூன்று மாதத்துக்கு முன் த்ரீவீல் ஆட்டோவோடு மகாவலி ஆற்றில் விழுந்து இறந்தான். பிரதி எடுக்கும் வேலைகளை அவன் தன் பெயரிலேயே அமைத்திருந்ததால் யாரும் அவனுடைய எக்கவுண்டை மூடவில்லை.

மனேஜர் முஹைதீனை அழைத்தாள்.

"சேர், றொட்னிட எக்கவுண்ட மூடணும்."

"வேணாம் அனற். மூடினா பெக்கப் எல்லாம் நின்டுரும்."

"அவர் செத்து மூணு மாசம், சேர்."

"அதுக்கென்ன. உசிரோட இருக்கிற உங்கள விட ஒழுங்கா வேல செய்றார் தானே."

சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று இருபதுக்கு அவள் அந்த எக்கவுண்டை மூடினாள். பிரதியை ஏற்றினாள். சோதனை சரி என்றது. வரி இல்லை.

சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

பத்து நிமிடம். திரையையே பார்த்திருந்தாள்.

வரி வந்தது. அதே பெயர். அதே நேரம்.

எழுதியவர்: அனற்.

அவள் கைகள் மடியில் இருந்தன.

தொலைபேசி. அம்மா.

"ஒங்க ஒபிஸ் தம்பி ஒருத்தர் வந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுவரச் சொல்லி நீதான் அனுப்பினியாம். கேட் கிட்ட த்ரீவீல் நிக்குது."

அனற் திரையில் நேரத்தைப் பார்த்தாள்.

"பாவம், உடுப்பெல்லாம் தண்ணி சொட்டுது. இங்க மழையே இல்லியே... அனற்? நா ஏறவா?"