அச்சை விட்டு வராத படகு

"படகு அச்சுலயே ஒட்டிக்கிச்சும்மா! வேணும்னே ஒட்ட வெச்சிருக்கான்!"

கரையான்சாவடியில் துப்பறிவாளர் நாகவல்லியின் மாடி அறையில் உட்காரக்கூடத் தோன்றாமல் கத்தினார் இக்னேஷியஸ். சென்னீர்குப்பத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருப்பவர். கடல் எங்கே, சென்னீர்குப்பம் எங்கே என்று நீங்கள் சிரிக்கலாம். 1991-இல் ஊரே சிரித்தது, மனிதர் மசியவில்லை. பந்தயத்தில் பாயவும் வேண்டும், பெண்டாட்டி பிள்ளையோடு உள்ளேயே சமைத்துப் படுத்து நாலு நாள் கடலில் சுற்றவும் வேண்டும் என்று இருபத்தெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்றை மூன்று வருடம் வரைந்து வரைந்து அழித்து, கடைசியில் அதற்கு அச்சும் செய்துவிட்டார்.

"அச்சுக்குள்ள ஏழு தடவை மெழுகு பூசித் தேய்ப்போம். அதுமேல ஃபைபரை அடுக்கினா, காய்ஞ்சதும் படகு தானா கழண்டு வரணும். இப்ப விளிம்போரம் தோலு பிய்ஞ்சு வந்திருக்கு. ஒட்டுப்போட்டா எடை ஏறிடும், அப்புறம் எங்க பந்தயம்! மெழுகு வேலை வேம்புலியோடது. வேற கம்பெனிக்காரன் அவனைக் கூப்பிட்டது எனக்குத் தெரியும். சாயங்காலம் போலீசுக்குப் போறேன்."

நாகவல்லி மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். "முதல்ல படகைப் பார்ப்போம்."

அவருடைய உதவியாளன் கோவிந்தன், பழைய ஆட்டோ டிரைவர், அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். "கேசு முட்ஞ்ச மாரிதான்கா. வேம்புலிதான்!"

பட்டறையில் கம்ப்ரசர், டிரில் மிஷின் எல்லாவற்றிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் இருந்தன. இக்னேஷியஸின் மனைவி ஞானசௌந்தரி கலர் சோடா கொண்டுவந்தார். "மன்னிச்சுக்குங்க, காபி போட முடியல. ஸ்டவ்வுக்குக் கிருஷ்ணாயில் பூஜைக்கு முந்தியே தீந்துபோச்சு."

வேம்புலி ஆறடி ஆள். ஓரமாக நின்றார்.

"லீவுக்கு முன்னாடியே மெழுகு வேலைய முட்ச்சிட்டேம்மா. லீவு முட்ஞ்சி வந்து ஃபைபர் அட்ச்சோம். அவ்ளோதான்."

"வேற கம்பெனி கூப்பிட்டாங்களாமே?"

"கூப்ட்டாங்க. போவல."

அச்சு தாங்குகட்டைமேல் நின்றது. விளிம்பு நாகவல்லியின் மார்பளவு இருந்தது. வெளியே எடுத்து வைத்திருந்த படகில், விளிம்பிலிருந்து ஒரு கை நீளத்துக்குச் சுற்றிலும் தோல் பிய்ந்திருந்தது. அதற்குக் கீழே அத்தனையும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அச்சருகே போய் எக்கி நின்று, நாகவல்லி உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். விரல் நுனி எங்கே முட்டியதோ, சேதமும் அங்கேதான் முடிந்திருந்தது. எல்லோரையும் அருகில் கூப்பிட்டார்.

"வேம்புலி உள்ளே பலகை போட்டு உட்கார்ந்து மெழுகு தேய்க்கிறவர். கெடுக்கணும்னா அடியிலயே கெடுத்திருக்கலாம். வெளியே நின்னு எட்டினாலும் அவர் கை இன்னும் ஒரு அடி கீழே போகும். இது என் உயரத்து ஆள் வெளியே நின்னு துடைச்சது."

"தொட்ச்சதா?" என்றான் கோவிந்தன்.

"பூஜைக்கு முன்னாடி மிஷினையெல்லாம் எதால துடைப்பாங்க, கோவிந்தா?"

"கிருஷ்ணாயில்ல வேஸ்ட் துணிய நனைச்சிதான்... ஐயய்யோ!"

"அது பட்டா மெழுகு கரைஞ்சுபோகும்."

ஞானசௌந்தரி முன்னால் வந்தார். நாகவல்லியின் உயரம்தான். "நான்தாங்க, ஸ்டவ்வு கிருஷ்ணாயிலை எடுத்துத் துடைச்சேன். லீவு விட்ட அன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் வந்தேன். மிஷினெல்லாம் பளபளன்னு இருந்தது, அச்சு மட்டும் ஏதோ படிஞ்ச மாதிரி மங்கலா இருந்தது. அழுக்குன்னு நெனச்சேன். நாம சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, அவங்க பூஜைக்கு நம்ம கையால இதாவது செய்வோமேன்னு..."

நாகவல்லி வேம்புலியிடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"பூஜையன்னிக்கி, 'அச்சு பளபளன்னு இருக்கா வேம்புலி?'ன்னு அம்மா கேட்டாங்க. அப்போ ஒண்ணும் பிரியல. படகு ஒட்டிக்கினதும்தான் எனக்கு விசியம் பிரிஞ்சிது."

"பின்ன ஏன்யா வாயத் தொறக்கல?" என்று கோவிந்தன் எகிறினான்.

"எங்க பண்டிகைக்குன்னு ஆசையா செஞ்சாங்கபா. ஐயா கோவத்துல என்னிய தொரத்துனா வேற பட்டற கீது. அம்மாவுக்கு வேற ஊடு இன்னா கீது?"

இக்னேஷியஸ் அப்படியே தாங்குகட்டைமேல் உட்கார்ந்தார். "அச்சைத் தொடாதீங்கன்னு பட்டறையில அத்தனை பேருக்கும் சொன்னேன், சௌந்தரி," என்றார். "உன்கிட்டதான் ஒரு வார்த்தை சொல்லல."